ஓடை மலையேறினால் என்ன செய்வது? மலைக்காட்டு வரைபடக் கோளாறுகளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஊரும் சாலையும் உள்ள இடத்தின் வரைபடத்தில் தப்பு இருந்தால் யாராவது சொல்லிவிடுவார்கள். "இந்தத் தெரு இங்கே இல்லையே" என்று ஒரு குரல் வரும். ஆள் நடமாட்டமே இல்லாத மலைக்காட்டை வரையும்போது அப்படிச் சொல்ல ஆளில்லை. அங்கே இருக்கும் ஒரே சாட்சி தண்ணீர். அது மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும், முகட்டைத் தாண்டாது, காரணமில்லாமல் பாதி வழியில் மறையாது. வரைபடத்தில் தண்ணீர் கோணங்கித்தனம் செய்தால் அந்த இடத்தில் தரவு கெட்டிருக்கிறது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். எப்போதாவது மலையே அப்படித்தான் இருக்கும். அந்தக் கதை கடைசியில்.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் திரையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கே நேராகப் போகலாம். போவதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள்: ஒவ்வொரு அடுக்கும் (ஓடை, உயரம், படம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும் தரவு) எந்த ஆள்கூற்று முறையில் இருக்கிறது, உயரம் எதிலிருந்து அளக்கப்பட்டது, தரவு எந்த ஆண்டு எடுத்தது. நான் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடிந்தன. மென்பொருள் எதுவானாலும் சரி. க்யூஜிஐஎஸ், கிராஸ், சாகா, ஒயிட்பாக்ஸ் ஆகியவற்றின் இலவசக் கருவிகளே இங்கே சொல்லும் வேலைகளுக்குப் போதும்.

எந்த இடத்தைத் தொட்டாலும் சரிவு 89 பாகை

உயரத் தரவு (நிலத்தைச் சின்னச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயர எண் கொடுக்கும் கோப்பு) இன்னும் அட்ச தீர்க்கப் பாகையில் இருக்கிறது, உயரம் மட்டும் மீட்டரில் இருக்கிறது. மென்பொருள் இரண்டையும் ஒரே அலகு என்று நம்பி, கட்டத்தின் அகலம் 0.00028, உயர வேறுபாடு 12 என்று கணக்குப் போடுகிறது. செங்குத்துப் பாறையைத் தவிர வேறென்ன வரும்? பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் உங்கள் பகுதிக்குரிய மண்டலத்துக்குத் தரவை மாற்றிவிட்டுச் சரிவைக் கணக்கிடுங்கள்.

111120 என்ற பெருக்கெண்ணைக் கொடுத்துச் சமாளிக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஒரு பாகை அட்சம் சுமார் 111 கிலோமீட்டர் என்ற கணக்கு அது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒத்துவரும். 60 பாகை அட்சத்தில் ஒரு பாகை தீர்க்கத்தின் நீளம் அதில் பாதிதான், அதனால் கிழக்கு மேற்குச் சரிவுகள் எல்லாம் கெட்டுப்போகும்.

ஓடைக்கோடு பள்ளத்தை விட்டுப் பக்கச் சரிவில் ஏறுகிறது

சமவுயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் வளைந்து ஒரு முனை காட்டும். அந்த முனை மேல்நோக்கி, அதாவது தண்ணீர் வரும் பக்கம் பார்க்கும். ஓடைக்கோடு ஒவ்வொரு முனையையும் தொட்டுக்கொண்டு இறங்க வேண்டும். முனையை விட்டு வளைவின் ஒரு கையை வெட்டினாலோ, ஒரே கோட்டை இரண்டு முறை கடந்தாலோ, ஓடையும் உயரத் தரவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

உடனே கோட்டைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யக் கை துறுதுறுக்கும். வேண்டாம். பகுதி முழுக்கப் பரவலாகப் பத்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஓடை இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தையும் திசையையும் எழுதுங்கள். அந்தப் பத்து எண்களே காரணத்தைச் சொல்லிவிடும்.

பத்து இடத்திலும் ஒரே தூரம், ஒரே திசை, அதுவும் நூறு மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ என்றால் டேட்டம் (பூமியின் எந்த வடிவத்தை வைத்து அட்ச தீர்க்கம் அளக்கப்பட்டது என்ற கணக்கு) தப்பு. பழைய காகித வரைபடங்கள் எவரெஸ்ட் 1830, நாட்27 போன்ற பழைய கணக்குகளில் வரையப்பட்டவை. அவற்றிலிருந்து எடுத்த ஓடைகளுக்கு யாரோ, ஜிபிஎஸ் பயன்படுத்தும் இன்றைய டேட்டமான டபிள்யூஜிஎஸ்84 என்று பெயர்ச்சீட்டு ஒட்டியிருப்பார்கள். முதலில் சரியான பழைய டேட்டத்தைக் குறித்துவிட்டு, அப்புறம் புதியதற்கு மாற்றுங்கள். குறிப்பதும் மாற்றுவதும் இரண்டு வேறு வேலைகள், மென்பொருளில் இரண்டு வேறு கட்டளைகள். இதைக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு.

தூரம் 21 மீட்டரை ஒட்டி, திசை ஒரே மூலைவிட்டமாக இருந்தால், அதாவது கிழக்கு மேற்காக 15, வடக்கு தெற்காக 15 என்றால், அது அரைக் கட்டத் தவறு. 30 மீட்டர் தரவில் உயர எண் கட்டத்தின் நடுப்புள்ளிக்கா, மூலைக்கா என்பதை இரண்டு மென்பொருள்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டுவிட்டன. 15 மீட்டர்தானே என்று விடக்கூடாது. 45 பாகைச் சரிவில் 15 மீட்டர் பக்கவாட்டுப் பிழை அப்படியே 15 மீட்டர் உயரப் பிழை.

நடுவில் பொருந்தி, ஓரங்களுக்குப் போகப் போக விலகினால் ஸ்கேன் செய்த வரைபடத்தைப் பொருத்தியதில் கோளாறு. காகிதம் சுருங்கும், மடிப்பில் இழுபடும். கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது காகிதத்திலும் தரையிலும் இடம் தெரிந்த புள்ளிகளைக் கூட்டுங்கள். சரளைப் படுகையில் இருக்கும் சங்கமங்களைப் புள்ளியாக எடுக்காதீர்கள், அவை வெள்ளத்துக்கு வெள்ளம் இடம் மாறும். சிகரமும் பாறைக் கணவாயும் நகராது.

ஒவ்வொரு இடத்திலும் வெவ்வேறு தூரம், வெவ்வேறு திசை என்றால், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கையால் வரைந்த ஓடைகளாக இருக்க வேண்டும். படம் நேர் மேலிருந்து எடுக்கப்படுவது அபூர்வம். 20 பாகை சாய்வில் எடுத்த படத்தைத் திருத்தும்போது, அதற்குப் பயன்பட்ட உயரத் தரவில் 50 மீட்டர் பிழை இருந்தால், தரையில் 18 மீட்டர் நகர்ந்துவிடும். ஆழமான இடுக்குகளில் இன்னும் மோசம், பாறைச் சுவர் ஓடையையே மறைத்துவிடும். இதற்கு ஒட்டுமொத்தத் தீர்வு கிடையாது. எதிர்ப்பக்கச் சாய்வில் எடுத்த இன்னொரு படத்தை வைத்து இடம் இடமாகத் திருத்த வேண்டியதுதான்.

ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் பொருந்தவில்லையா? தேதியைப் பாருங்கள். எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்ணோடம் 11 நாள் சுற்றி ராடாரால் எடுத்தது. அதற்குப் பின் அங்கே ஒரு மலைச்சரிவு நடந்திருக்கலாம், பனியாறு பின்வாங்கி ஆறு புதுத் தடம் பிடித்திருக்கலாம். ஓடையும் சரி, உயரமும் சரி, காலம்தான் வேறு.

இன்னொன்று, பார்க்கச் சாதாரணம். கோடு சரியான பள்ளத்திலேயே இருக்கும், ஆனால் வரைந்தவர் கீழிருந்து மேலாக வரைந்திருப்பார். பலர் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓடையைத் தண்ணீர் போகும் திசையில் வரைய வேண்டும் என்பது வழக்கம். ஒவ்வொரு கோட்டின் முதல் புள்ளி, கடைசிப் புள்ளி உயரங்களை எடுத்துப் பார்த்து, முதலாவது தாழ்வாக இருந்தால் திருப்பிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றிரண்டு மீட்டர்தான் என்றால் தானாகத் திருப்ப விடாதீர்கள், அது தரவின் இரைச்சலாகவும் (அளவையில் தானாக வரும் சின்னச் சின்னப் பிழை) இருக்கலாம்.

ஆறு பாதி வழியில் ஒரு குழிக்குள் போய் நின்றுவிடுகிறது

மலைப்பகுதியில் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான், அதிகம் அவசரப்பட்டுக் கெடுப்பதும் இதைத்தான்.

இடுக்கு ஒன்றின் வழியே ஆறு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் போக்கில் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு உயரத்தை எழுதினால் இப்படி வரும்: 1418, 1415, 1411, 1409, 1436, 1441, 1429, 1402, 1400. நடுவில் மூன்று கட்டங்கள் திடீரென்று எழும்பி நிற்கின்றன. அங்கே அணை ஏதும் இல்லை. இடுக்கின் அகலம் 20 மீட்டர், கட்டத்தின் அகலம் 30. கட்டத்துக்குள் தண்ணீரும் விழுகிறது, இருபக்கப் பாறைச் சுவரும் விழுகிறது, சராசரி எடுத்தால் 1441. ஆற்றின் குறுக்கே தரவு ஒரு பொய் அணையைக் கட்டிவிட்டது.

இப்போது பலரும் செய்வது குழி நிரப்புதல். ஒரே சொடுக்கு. மென்பொருள் 1409 என்ற இடத்தை 1441 வரை உயர்த்தி, தண்ணீரை அணைக்கு மேல் வழியவிடும். ஆறு நிதானமாக இறங்கும் பள்ளத்தாக்கானால், அந்தப் பொய் ஏரி கிலோமீட்டர் கணக்கில் பின்னுக்குப் பரவும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு: பக்கத்தில் 1438 மீட்டரில் ஒரு தாழ்ந்த கணவாய் இருந்தால், தண்ணீர் அணையைத் தாண்டாமல் கணவாய் வழியாக அடுத்த பள்ளத்தாக்குக்கே போய்விடும். மூன்று மீட்டர் வித்தியாசத்தில் ஒரு முழு ஆறு நீர்ப்பிடிப்பு மாறிவிட்டது. வரைபடம் பார்க்க அழகாகவே இருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது.

நிரப்புவதற்குப் பதில் வெட்டுங்கள். ஒயிட்பாக்ஸில் குறைந்த செலவில், அதாவது முடிந்தவரை குறைவாக வெட்டி, குழியை உடைக்கும் கருவி இருக்கிறது. அது அந்த மூன்று கட்டங்களை மட்டும் 1408, 1406, 1404 என்று இறக்கிவிடும், மேலே உள்ள பள்ளத்தாக்கில் கை வைக்காது. கிராஸின் ஆர்.வாட்டர்ஷெட் கருவி தரவைத் தொடாமலே குறைந்த செலவுப் பாதையைத் தேடிக் குழியைத் தாண்டும். இரண்டும் மலைக்கு ஏற்றவை. நிரப்புவதை ஒன்றிரண்டு மீட்டர் ஆழமுள்ள சின்னக் குழிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அவை பெரும்பாலும் இரைச்சல்.

எதைச் செய்தாலும் அதற்கு முன் ஒரு காரியம்: தரவின் பிரதி ஒன்றில் எல்லாக் குழிகளையும் நிரப்பி, அதிலிருந்து மூலத்தைக் கழியுங்கள். ஒவ்வொரு குழியும் எவ்வளவு ஆழம், எவ்வளவு பரப்பு என்று படமாகவே தெரியும். ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமானவற்றைப் பட்டியலிட்டு, செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இடுக்கா? வெட்டலாம். பனியாறு விட்டுப்போன கல்மேட்டுக்குப் பின்னால் தேங்கிய ஏரியா? ஏரியாகவே வரையுங்கள்.

சுண்ணாம்புப் பாறையா? அப்படியானால் கையை எடுங்கள். சுண்ணாம்பு மலையில் குழி உண்மை. ஓடை அங்கே மண்ணுக்குள் இறங்கி, வேறெங்கோ ஊற்றாக வெளியே வரும். ஒருமுறை இப்படி ஒரு பீடபூமி முழுவதையும் நிரப்பிவிட்டு, கிளை கிளையாக ஓடும் அழகான ஓடை வலையைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அந்தப் பக்கம் நடந்து திரும்பிய ஒருவர் வரைபடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதில் பாதி இடத்தில் குடிக்கத் தண்ணீர் தேடி அலைந்தோம்" என்றார். அன்றிலிருந்து நிலவியல் வரைபடத்தைத் திறக்காமல் குழி நிரப்புவதில்லை. ஆர்.வாட்டர்ஷெட்டில் உண்மைக் குழிகளைத் தனியாகக் கொடுக்க இடமுண்டு, அங்கே வந்த தண்ணீர் அங்கேயே முடிந்ததாக அது எடுத்துக்கொள்ளும். ஓடை மறையும் இடத்தில் ஒரு குறி போடுங்கள். அது எந்த ஊற்றில் வெளிவருகிறது என்று ஊகித்துக் கோடு இழுக்காதீர்கள். சாயம் கரைத்துவிட்டுப் பார்த்தால்தான் அது தெரியும், சில சமயம் முகட்டுக்கு அந்தப் பக்கம் வரும்.

ஏரியிலும் சமவெளியிலும் ஓடைகள் சீப்புப் பல் போல் இணையாக ஓடுகின்றன

நிரப்பியதன் பக்க விளைவு. தட்டையான பரப்பில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மென்பொருள் நேர்க்கோடுகளாக இழுத்துவிடுகிறது. ஏரிகளை எல்லைக்கோட்டோடு தனி அடுக்காக வைத்து, உள்ளே வரும் வாயையும் வெளியேறும் வாயையும் ஒரே நடுக்கோட்டால் இணையுங்கள். உள்ளே இருக்கும் மற்ற கோடுகளை அழித்துவிடலாம்.

பனியாற்றுக்குக் கீழே சரளைப் படுகையில் பின்னல் பின்னலாகப் பிரிந்து சேரும் ஆறுகளும் இதே சிக்கலில் மாட்டும். ஓ'காலகன், மார்க் இருவரும் 1984இல் எழுதிய முறைதான் இன்றும் பரவலாக ஓடுகிறது. ஒவ்வொரு கட்டமும் சுற்றியுள்ள எட்டில் ஒன்றுக்குத்தான் தண்ணீர் கொடுக்கும். அதில் பின்னல் ஆற்றுக்கு இடமே இல்லை. படுகையின் வெளி எல்லையைப் பரப்பாக வரைந்து, பிரதானத் தடத்தை மட்டும் கோடாகக் காட்டுங்கள். அடுத்த வெள்ளத்தில் மற்றவை எப்படியும் மாறப்போகின்றன.

பெரிய ஆறு வாய்க்கால் போல் தெரிகிறது, அல்லது நீர்த்திரள் எண் மைனஸில் வருகிறது

இரண்டும் ஒன்றுதான். ஒரு கட்டத்துக்கு மேலிருந்து எத்தனை கட்டங்களின் தண்ணீர் வந்து சேர்கிறது என்பதுதான் நீர்த்திரள் எண். பூங்கா எல்லையையோ தாளின் விளிம்பையோ வைத்து உயரத் தரவை வெட்டியிருப்பீர்கள். ஆறு வெளியிலிருந்து வருகிறது, மென்பொருளுக்கு அது தெரியாது, எல்லையில் பிறந்த சிற்றோடையாகவே நினைக்கும். ஆர்.வாட்டர்ஷெட் மட்டும் கொஞ்சம் நேர்மையானது. வெளியிலிருந்து தண்ணீர் சேர வாய்ப்புள்ள கட்டங்களுக்கு எண்ணை மைனஸில் போட்டு எச்சரிக்கும். பலர் அதைப் பிழை என்று நினைத்து மைனஸை நீக்கிவிடுகிறார்கள், அந்த எச்சரிக்கையும் அதோடு போய்விடுகிறது.

மேல்நிலை நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் தரவு இறக்குங்கள். எதுவரை வேண்டும் என்று தெரிய, ஹைட்ரோஷெட்ஸ் என்ற உலக ஆற்றுப் படுகைத் தரவின் எல்லைகள் உதவும். ஆனால் அதிலுள்ள நீரோட்டத்துக்காகத் திருத்திய உயரங்களைச் சமவுயரக் கோட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆறுகள் ஓட வேண்டும் என்பதற்காகவே அவற்றைத் தோண்டியும் உயர்த்தியும் வைத்திருக்கிறார்கள்.

ஓடைகள் மிக அதிகம், அல்லது மிகக் குறைவு

எத்தனை கட்டங்களின் தண்ணீர் சேர்ந்தால் ஓடை என்று நீங்கள் கொடுத்த எண்தான் காரணம். 30 மீட்டர் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர், சுமார் 1111 கட்டங்கள் சேர்ந்தால் ஒரு சதுர கிலோமீட்டர். எல்லா மலைக்கும் பொருந்தும் எண் என்று எதுவும் கிடையாது. மழை கொட்டும் களிமண் சரிவில் சிறு பரப்பிலேயே ஓடை பிறக்கும், வறண்ட சுண்ணாம்பு மலையில் பல சதுர கிலோமீட்டர் சேர்ந்தும் பிறக்காது. படத்தில் தெளிவாகத் தெரியும் இருபது ஓடைத் தலைகளைக் குறித்து, அங்கே நீர்த்திரள் எண் என்ன என்று பாருங்கள். அவற்றின் நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பாறை வகை மாறினால் அங்கே தனி எண். வரும் கோடுகளில் எது வருடம் முழுக்க ஓடுவது, எது மழைக்கு மட்டும் ஓடுவது என்பதைக் கணக்கு சொல்லாது. வறண்ட மாதத்துப் படத்தில் தண்ணீர் தெரியாதவற்றை விட்டுவிட்ட கோடாகப் போடுங்கள். நடந்து போகிறவருக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

எல்லாத் தண்ணீரும் தாறுமாறான திசையில் போகிறது

ஓட்டத் திசையை ஒரு மென்பொருளில் கணக்கிட்டு, அடுத்த படிக்கு வேறொன்றுக்குக் கொண்டுபோனீர்களா? ஆர்க்ஜிஐஎஸ்ஸில் கிழக்கு 1, தென்கிழக்கு 2, தெற்கு 4 என்று இரட்டித்துக்கொண்டே வடகிழக்கு 128 வரை போகும். கிராஸில் வடகிழக்கு 1, வடக்கு 2 என்று எதிர்ச்சுற்றாகப் போய்க் கிழக்கு 8இல் முடியும். சாகாவில் வடக்கு 0. எண்களை மாற்றி எழுதுவதைவிட, தொடங்கிய மென்பொருளிலேயே முடிப்பது நல்லது.

ஓடை காட்டு விளிம்பை ஒட்டியே ஓடுகிறது

ராடாரும் கேமராவும் தரையைப் பார்ப்பதில்லை, மரத்தலையைப் பார்க்கின்றன. எஸ்ஆர்டிஎம், கோபர்நிகஸ் 30 மீட்டர், ஜப்பானின் ஏலோஸ் 30 மீட்டர் என்ற உயரத் தரவுகள் எல்லாமே இப்படித்தான், அளவில் மட்டும் வேறுபாடு. உயர்ந்த காடு முடியும் இடத்தில் தரையில் இல்லாத ஒரு பெரிய படி முளைக்கும், தண்ணீர் அந்தப் படியை ஒட்டி ஓடும். மிதமான சரிவில்தான் இது தொல்லை, செங்குத்தில் மலை காட்டை வென்றுவிடும். கோபர்நிகஸ் தரவிலிருந்து மரங்களையும் கட்டடங்களையும் கழித்த ஃபேப்டெம் என்ற தரவு 2022இல் வந்தது. இலவசப் பதிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது, உரிமத்தைப் படித்துக்கொள்ளுங்கள். லைடார், அதாவது லேசரால் அளந்த உயரத் தரவு, கிடைக்கும் பகுதியானால் இந்தப் பேச்சே வேண்டாம், அதையே எடுங்கள்.

பள்ளத்தாக்கு முகடாகவும் முகடு பள்ளத்தாக்காகவும் தெரிகிறது

தரவில் ஒன்றுமில்லை, கண் செய்யும் வேலை. வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். ஹில்ஷேடில், அதாவது உயரத் தரவிலிருந்து வெளிச்சமும் நிழலுமாக வரையும் படத்தில், வெளிச்சத் திசையை 315 பாகை, அதாவது வடமேற்கு என்று வையுங்கள். சூரியன் ஒருபோதும் நிற்காத மூலையாயிற்றே என்றால், ஆமாம், வட பாதியின் பல இடங்களில் அப்படித்தான், ஆனாலும் கண்ணுக்கு அதுதான் வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் இதை மாற்ற முடியாது. சென்டினல்2 செயற்கைக்கோள் காலை பத்தரை மணி வாக்கில் கடக்கிறது, வட பாதியில் வெப்ப மண்டலத்துக்கு அப்பால் அப்போது சூரியன் தென்கிழக்கில், நிழல் வடமேற்கில். படத்தின் மேல் லேசான ஹில்ஷேடு ஒன்றைப் போர்த்தினால் ஓரளவு தெளியும். தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் ஒரு வழி, வரையும்போது நானே அப்படித்தான் பார்க்கிறேன்.

ஹில்ஷேடு பாய் முடைந்தாற்போல் வரிவரியாக இருக்கிறது

தரவை வேறு ஆள்கூற்று முறைக்கு மாற்றும்போது நியரஸ்ட் நெய்பர் (மிக அருகிலுள்ள கட்டத்தின் எண்ணை அப்படியே எடுப்பது) என்ற இயல்பு அமைப்பை அப்படியே விட்டுவிட்டீர்கள். மூலத்திலிருந்து மறுபடி தொடங்கி சுற்றியுள்ள எண்களைக் கலந்து கணக்கிடும் பைலீனியர் அல்லது க்யூபிக் கொடுங்கள். வரி விழுந்த தரவை வழவழப்பாக்கி மறைக்காதீர்கள், ஓட்டத் திசைக் கணக்கில் அந்த வரிகள் திரும்பவும் எழுந்து வரும்.

சமவுயரக் கோடுகள் படிக்கட்டாகவும் சிடுக்காகவும் வருகின்றன

படிக்கட்டு என்றால் உயரங்கள் முழு மீட்டரில் இருக்கின்றன. எஸ்ஆர்டிஎம் அப்படித்தான் வருகிறது. தரவைத் தசம எண்ணுக்கு மாற்றி, உயரத் தரவையே லேசாக வழவழப்பாக்கி, அதிலிருந்து கோடு எடுங்கள். கோடுகளைத் தனித்தனியாக வளைத்து மென்மையாக்கினால் பக்கத்துக் கோட்டோடு முட்டிக்கொள்ளும், ஓடை முனையை விட்டும் விலகும்.

சிடுக்கு வந்தால் காரணம் பெரும்பாலும் பேராசை. அமெரிக்காவின் 1947ஆம் ஆண்டு வரைபடத் துல்லிய விதி சொன்னது இது: சோதித்த புள்ளிகளில் 90 சதவீதம், கோட்டு இடைவெளியில் பாதிக்குள் சரியாக இருக்க வேண்டும். எஸ்ஆர்டிஎம்மின் குறிப்பு வரம்பு, 90 சதவீத நம்பிக்கையில் 16 மீட்டர். அப்படியானால் நேர்மையான இடைவெளி 32 மீட்டர், அதாவது 40 என்று வைப்பது நல்லது. அதில் 10 மீட்டர் கோடு போடுகிறவர் மலையை வரையவில்லை, இரைச்சலை வரைகிறார். கோபர்நிகஸ் தரவு இதைவிடத் துல்லியம், மிதமான சரிவில் 10 மீட்டர்கூட நிற்கும். செங்குத்து மலையில் 20க்குக் கீழே இறங்க நான் துணியமாட்டேன்.

உயரப்படத்தில் ஓட்டை, முள், அல்லது நேரான வெட்டுக்கோடு

ஆயிரக்கணக்கான கோட்டு வளையங்கள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அங்கே உயரத்தைக் கேளுங்கள். மைனஸ் 32768 என்று வந்தால் அது "தரவு இல்லை" என்பதற்கான எண், உங்கள் மென்பொருள் அதை உண்மை உயரம் என்று நம்பிவிட்டது. அப்படி அறிவித்துவிட்டால் முள் ஓட்டையாக மாறும். ராடாரின் பார்வை படாத செங்குத்துச் சரிவுகளில் இந்த ஓட்டைகள் அதிகம். வேறொரு தரவிலிருந்து நிரப்பலாம், ஆனால் ஓட்டையின் விளிம்பைச் சுற்றி இரண்டுக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளந்து அதைச் சரிக்கட்டிவிட்டு நிரப்புங்கள். செயற்கைக்கோள் கேமராப் படங்களிலிருந்து எடுத்த ஆஸ்டர் உயரத் தரவானால் மேகம் விட்டுப்போன பொய் மேடுகளைக் கவனியுங்கள்.

உயரத் தரவு ஒரு பாகைச் சதுரங்களாக, தனித்தனிக் கோப்புகளாக வருகிறது. நேரான வெட்டுக்கோடு இரண்டு சதுரங்கள் சேருமிடம். ஒரு சதுரமே காணவில்லை என்றால் பெயரைப் பாருங்கள்: கோப்பின் பெயர் தென்மேற்கு மூலையைச் சொல்கிறது. தெற்கு 1 என்ற கோப்பு நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கே ஒரு பாகை வரை. இந்தக் கணக்கில் தெற்கு 0 என்று ஒன்று கிடையாது.

சரிவில் ஏரிகள் முளைக்கின்றன

செயற்கைக்கோள் படத்திலிருந்து நீர்க்குறியீடு (படத்தின் நிற அளவுகளை வைத்துத் தண்ணீரைக் காட்டும் எண்) கணக்கிட்டுத் தண்ணீரைப் பிரித்தால், மலை நிழலும் தண்ணீராகவே விழும். இரண்டும் இருட்டு. தேங்கிய தண்ணீர் தட்டையாகத்தான் இருக்கும், ஆகவே சரிவு சில பாகைக்கு மேல் உள்ள இடங்களைக் கழித்துவிடுங்கள், பாதிப் பொய்யேரிகள் போய்விடும். மீதிக்கு, சூரியன் உச்சியில் நிற்கும் கோடை மாதப் படத்தையும் வேறொரு மாதப் படத்தையும் ஒப்பிடுங்கள். நிழல் நகரும், ஏரி நகராது. எஞ்சியவை உறைந்த ஏரியும் பனிக்கட்டி விளிம்பும்தான், அவற்றைக் கண்ணால் பார்த்தே தீர்க்க வேண்டும்.

சிகரத்தில் ஜிபிஎஸ் ஒரு உயரம், வரைபடம் ஒரு உயரம்

வேறுபாடு பகுதி முழுக்க ஏறக்குறைய ஒரே அளவா? ஜிபிஎஸ் அளப்பது பூமியின் வடிவத்துக்குக் கணக்காக எடுத்துக்கொண்ட நீள்கோளத்திலிருந்து, வரைபடம் சொல்வது கடல் மட்டத்தை ஒட்டிய ஜியாய்டிலிருந்து. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது, நியூ கினி பக்கம் 80 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது. கருவி இதைத் தானாகத் திருத்துகிறதா இல்லையா என்று பார்க்காமல் இரண்டாவது முறை திருத்திவிடாதீர்கள்.

காலையில் பொருந்தி மாலையில் விலகினால் அது காற்றழுத்த உயரமானி. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் கடல் மட்டத்தை ஒட்டி சுமார் 8 மீட்டர் பிசகும், உயரப் போகப் போக இன்னும் அதிகம். உயரம் தெரிந்த ஏரிக்கரையிலோ கணவாயிலோ நின்று மறுபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

சிகரம் எப்போதும் வரைபடத்தில் தாழ்வாக, இடுக்கு எப்போதும் உயரமாக வந்தால் கோளாறு ஏதுமில்லை. 30 மீட்டர் கட்டத்தின் சராசரி கூரான எதையும் மழுக்கும். சிகர உயரத்தை நில அளவைப் பதிவிலிருந்து தனிப் புள்ளியாகப் போடுங்கள்.

ஒரே ஓடை முகட்டின் இரண்டு பக்கமும் ஓடுகிறது

இதைப் பார்த்தவுடன் யாரும் பிழை என்றுதான் சொல்வார்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை பிழைதான்: வரைந்தவர் கணவாயின் இரு பக்க ஓடைத் தலைகளை ஒரே கோடாகச் சேர்த்திருப்பார். முகட்டின் மேல் கோட்டை வெட்டி, இடையில் கொஞ்சம் இடம் விட்டால் முடிந்தது.

வெட்டுவதற்கு முன் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் டீட்டன் வனப்பகுதிக்குள் டூ ஓஷன் கணவாய் என்று ஒன்று இருக்கிறது. கண்டத்தின் நீர்பிரி முகட்டின் மேலேயே நார்த் டூ ஓஷன் என்ற ஓடை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அட்லாண்டிக் ஓடையாகி யெல்லோஸ்டோன், மிசூரி, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. மற்றது பசிபிக் ஓடையாகி ஸ்னேக், கொலம்பியா வழியாகப் பசிபிக் கடலுக்கு. தட்டையான கணவாயில் இந்த ஓடை வழியாகவே மீன்கள் ஒரு படுகையிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடிகிறது. தென்னமெரிக்காவில் காசிகியாரே என்ற ஆறு ஓரினோகோவின் தண்ணீரில் ஒரு பங்கைப் பிரித்து அமேசான் படுகைக்குக் கொண்டுபோகிறது, அது சின்ன ஓடை அல்ல, பேராறு.

இப்படி ஒன்று உங்கள் பகுதியில் கிடைத்தால் கணக்கில் அதைக் காட்ட வழியில்லை, எட்டுத் திசை முறை ஏதாவது ஒரு கிளைக்கே மொத்தத் தண்ணீரையும் கொடுக்கும். கணக்குக்கு அதிகத் தண்ணீர் போகும் கிளையை வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இரண்டு கிளைகளையும் கையால் வரைந்து, பிரியும் புள்ளியில் இரண்டையும் இணைத்து, அடுக்கின் குறிப்புப் பத்தியில் "பிழையல்ல, படத்தில் பார்த்து உறுதி செய்தது" என்று தேதியோடு எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவர் அதை வெட்டிவிடுவார். ஆறு மாதம் கழித்து அது நீங்களாகவே இருக்கலாம்.